கரை உடைந்த ஏரியும் ஈட்டுப் பொறுப்பும்: தென்னாட்டு நீதி வரலாற்றில் ஓர் ஆய்வு

செஞ்சிக்குத் தெற்கே, பனமலைக் குன்றின் மேல் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் வாயிலில் நின்று கீழே நோக்குவோர்க்குக் கண் நிறையத் தோன்றுவது, அக்கோயிலின் அடித்தளத்தில் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனமும் அன்று, சுவரில் அரைகுறையாக எஞ்சி நிற்கும் உமாதேவியின் சித்திரமும் அன்று. குன்றின் அடியில் பரந்து கிடக்கும் ஏரியே. திருவண்ணாமலைக்கு அருகே கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரிந்து, வழியிலுள்ள பல ஏரிகளை நிரப்பிக்கொண்டு வரும் நந்தன் கால்வாய் இந்த ஏரியில் வந்து முடிகின்றது. சித்திரத்தைப் பற்றிக் கலை வரலாற்று ஆசிரியர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். கரையைப் பற்றி எழுதுவது சட்ட வரலாறு பயில்வோர்க்கு உரிய வேலை, அது பெரும்பாலும் செய்யப்படாமலே கிடக்கின்றது.

கரையைப் பற்றிய வினாக்கள் இரண்டு. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கலங்கல் வழியே வெளியேறக்கூடிய அளவினும் மிகுதியாக நீர் வந்து, கரை உடைப்பெடுத்து, கீழேயுள்ளவர்களின் பயிரையும் பாதையையும் வாரிக்கொண்டு போகுமாயின், அந்நட்டத்தை ஏற்க வேண்டியவர் யார் என்பது ஒன்று. அவ்வாறு உடையாதபடி ஆண்டுதோறும் தூர் எடுத்து, கரை கட்டி, மதகு பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பது மற்றொன்று. முதல் வினா நஷ்டஈட்டைப் பற்றியது, இரண்டாவது செலவுப் பங்கீட்டைப் பற்றியது; சட்ட நூல்கள் இவற்றை வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துப் பேசும். ஆயினும், தென்னாட்டு ஏரிகளைப் பற்றிய வியாஜ்யங்களை வரிசையாக வைத்துப் பார்க்குமிடத்து, முதல் வினாவிற்கு நியாயஸ்தலங்கள் கண்ட விடை இரண்டாம் வினாவின் விடையிலிருந்தே பிறந்தது என்பதும், நீரின் உடைமையாளன் எவன் என்பதைக் காட்டிலும் கரையைக் காக்கக் கடமைப்பட்டவன் எவன் என்பதே இந்நாட்டில் தீர்மானமான விஷயமாக இருந்து வந்தது என்பதும் புலப்படும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய தர்ம நூல்களும் அர்த்த நூல்களும் இவ்விஷயத்தை அறியாதவை அல்ல. குளத்தின் கரையை உடைப்பவனை நீரில் அமிழ்த்திக் கொல்லலாம், அல்லது அவனே கரையைத் திரும்பக் கட்டிக் கொடுத்து உத்தம தண்டமும் செலுத்தலாம் என்று மனு விதித்தார். கௌடிலியரின் நூல் தண்டனையோடு நில்லாமல் ஊக்கத்தையும் கூட்டிற்று: புதிய ஏரி எடுத்தவனுக்கு ஐந்தாண்டும், பாழடைந்ததைப் புதுப்பித்தவனுக்கு நான்காண்டும் வரி நீக்கம், ஆபத்துக் காலம் தவிர மற்றபடி ஐந்தாண்டு பயன்படுத்தாது விட்டவன் தன் உரிமையையே இழப்பான். இவ்விதிகளில் கடைசியாகச் சொன்னது மிக நுட்பமானது. ஏரியைப் பேணுவது உடைமையாளனின் விருப்பம் அன்று, உடைமை நிலைப்பதற்கே அது நிபந்தனை என்ற கருத்து அதில் அடங்கியிருக்கின்றது. பிற்காலத்துப் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் இதைப் படித்தார்களோ இல்லையோ, அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

தமிழ்நாட்டில் இக்கடமை ஊர்ச்சபையின் கையில் இருந்ததற்கு உத்தரமேரூர்ச் சாசனங்கள் போதிய சான்றாகும். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த முதற் பராந்தகன் காலத்துச் சாசனங்களில் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்படும் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அங்கே கவனிக்கத்தக்க செய்தி, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் பின்னர் வாரியத்திற்கு வரத் தகுதியற்றவர் என்ற விதியாகும். பொதுப் பணத்தைக் கையாண்டவனின் பொறுப்பு அவன் ஒருவனோடு முடிந்துவிடாமல் குடும்பத்தையும் தொடர்ந்தது. இன்றைய சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கத் துணியாது. விஜயநகர ஆட்சியில் தசபந்தம் என்ற மானிய முறை வழங்கிற்று. ஏரியை வெட்டுவோனுக்கோ திருத்துவோனுக்கோ அதன் பாய்ச்சலில் ஒரு பங்கு நிலம் விடப்படும், அதற்கு ஈடாக அவன் சந்ததியார் கரையைக் காத்துவர வேண்டும். செலவும் பயனும் ஒரே கையில் இருக்கச் செய்த ஏற்பாடு இது.

கம்பெனி ஆட்சி நிலைபெற்றபோது இப்பழைய ஏற்பாடுகள் இரு வகையாகப் பிரிந்தன. வடஆர்க்காட்டிலும் அதற்கு வடக்கிலும் பல பகுதிகள் நிரந்தர ஒப்பந்தத்தின்கீழ் ஜமீன்களாயின. செஞ்சியும் பனமலையும் அடங்கிய தென்னார்க்காட்டின் பெரும்பகுதி இரயத்துவாரியாயிற்று. ஜமீனில் ஏரியைக் காப்பவன் ஜமீன்தார். இரயத்துவாரியில் பெரிய மராமத்துச் சர்க்காருடையது, சில்லறை மராமத்துக் குடிகளுடையது. இந்தச் சில்லறை மராமத்தே குடிமராமத்து எனப்பட்டது. அதனைச் சட்டத்தின் துணையால் நிலைநிறுத்த 1858ஆம் ஆண்டின் முதற் சட்டம் முயன்றது. கரை உடையும் அபாயம் நேரும்போது ஊர்த் தலைவர் உடல் உழைப்பாளரை அழைத்து வேலை வாங்கலாம் என்றும், வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யத் தவறியவன் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரட்டிப்புத் தொகை கொடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. அபராதம் எழுதப்பட்டது, ஆனால் எது மாமூல், எது அன்று என்பதை ஊருக்கு ஊர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தமையால், அச்சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கிற்று. வழக்கத்தைச் சட்டமாக எழுதப் புகுந்தவர்கள், அவ்வழக்கத்தைத் தாங்கி நின்ற ஊர்ச்சபையைத் தாமே கலைத்துவிட்டிருந்தார்கள் என்பதை மறந்துபோனார்கள் என்றே சொல்ல வேண்டும்.

எத்தனை ஏரிகள் இவ்வாறு ஆதரவற்று நின்றன என்பதற்கு ஓர் அளவு உண்டு. 1856இல் தென்னாட்டுப் பாசனத்தைப் பற்றி எழுதிய பெயர்டு ஸ்மித் என்னும் பொறியாளர், சென்னை மாகாணத்தின் 14 ஜில்லாக்களில் 53,000 பாசன வேலைகள் இருப்பதாகவும், அவற்றுள் ஏறத்தாழ 10,000 பழுதுபட்டுக் கிடப்பதாகவும், கரைகளின் மொத்த நீளம் 30,000 மைல் அளவு வரும் என்றும் கணக்கிட்டார். முப்பதாயிரம் மைல் மண்கரை உள்ள நாட்டில் உடைப்பு என்பது அரிதாக நேரும் விபத்தன்று, ஆண்டுதோறும் எங்கேனும் நிகழ்ந்தே தீரும் சம்பவம்.

இந்நிலையில் இங்கிலாந்தில் ஒரு நீர்த்தேக்கம் உடைந்தது. லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி தம் ஆலைக்கு நீர் வேண்டித் தேர்ந்த வேலையாட்களைக் கொண்டு ஒரு தேக்கம் அமைத்தார். தேக்கத்தின் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தமையை வேலையாட்கள் சரிவரக் கவனிக்கவில்லை. 1860 டிசம்பரில் நீர் நிரம்பியவுடன் அக்குழிகளின் வழியே இறங்கிப் பக்கத்திலிருந்த பிளெட்சரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி தாமாக ஒரு பிழையும் செய்யவில்லை. ஆயினும் 1866இல் நீதிபதி பிளாக்பர்ன், தன் நிலத்தில் இயல்பாக இல்லாத ஒரு பொருளைத் தன் காரியத்திற்காகக் கொண்டுவந்து தேக்குபவன், அது தப்பிச் சென்றால் கெடுதல் விளைவிக்கும் என்று தெரிந்திருக்குமாயின், தன் சொந்த அபாயத்தின் பேரிலேயே அதை வைத்திருக்கிறான் என்று தீர்ப்பளித்தார். 1868இல் பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தபோது, கெய்ர்ன்ஸ் பிரபு ஒரு வரையறையையும் சேர்த்தார்: நிலத்தை இயல்புக்கு மாறாகப் பயன்படுத்துமிடத்தே இப்பொறுப்பு எழும். கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற வினாவே இவ்விதிக்கு அவசியமில்லை.

இவ்விதி கடல் கடந்து வந்தால் தென்னாட்டின் கதி என்னவாகும்? ஒவ்வோர் ஏரியும் தேக்கமே, ஒவ்வொரு ஜமீன்தாரும் ரைலண்ட்ஸே. அந்தச் சோதனை விரைவிலேயே வந்தது. வடஆர்க்காட்டுக் கார்வேட்நகர் ஜமீன்தாரின் நிலத்திலிருந்த ஏரிகள் இரண்டு பெருமழையில் உடைந்தன. வெள்ளம் சென்னை இரயில்வே கம்பெனியின் பாதையைச் சிதைத்தது. கம்பெனி ஜமீன்தார் மீது நஷ்டஈட்டுக்குத் தாவா தொடுத்தது. கம்பெனியின் வாதம் ரைலண்ட்ஸ் விதியின் மேல் முழுமையாக நின்றது: ஏரி பிரதிவாதியுடையது, நீரை அவர் தேக்கினார், அது தப்பிற்று, ஆகவே கவனக்குறைவை நாங்கள் காட்ட வேண்டியதில்லை. வழக்கு சென்னை ஹைகோர்ட்டைக் கடந்து லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று 1874இல் முடிவுற்றது.

பிரிவி கவுன்சில் கம்பெனியின் வாதத்தை ஏற்கவில்லை. அதற்குக் கூறிய காரணமே நமக்கு முக்கியமானது. இவ்வேரிகள் ஆங்கிலேய ஆலையின் தேக்கத்தைப் போல் ஒருவன் தன் சொந்த லாபத்திற்குப் புதிதாகக் கட்டியவை அல்ல, மிகத் தொன்மையானவை, நாடு தழுவிய ஒரு பாசன அமைப்பின் அங்கங்கள், இந்து, முகம்மதிய சட்டங்களும் கம்பெனியின் ஒழுங்குமுறைகளும் அங்கீகரித்தவை, திரளான மக்களின் பிழைப்பே அவற்றைச் சார்ந்தது. ஜமீன்தார் நினைத்தாலும் ஏரியைத் தூர்த்துவிட முடியாது. அதைக் காத்துப் பழுதுபார்ப்பது அவருடைய உரிமையன்று, நிலத்தோடு ஒட்டிவந்த கடமை. ஆகையால் அவருடைய நிலைமை, சட்டம் அளித்த அதிகாரத்தின்படி ஒரு பொதுக் காரியத்தைச் செய்யும் நிறுவனத்தின் நிலைமையை ஒத்தது. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். கீழ்க் கோர்ட்டுகள் அவர் தக்க எச்சரிக்கை எடுத்திருந்தார் என்று கண்டிருந்தமையால் கம்பெனி தோற்றது.

இத்தீர்ப்பில் ஒரு விநோதம் உண்டு. சட்டப்படி அனுமதி பெற்ற காரியத்தைக் கவனத்தோடு செய்பவன் அதனால் நேரும் நட்டத்திற்குப் பொறுப்பாகான் என்ற கொள்கையை இங்கிலாந்தில் தமக்குக் கேடயமாகப் பெற்றவை இரயில்வே கம்பெனிகளே. 1860இல் டாஃப் வேல் இரயில்வேயின் எஞ்சினிலிருந்து பறந்த தீப்பொறி ஒருவருடைய மரத்தோப்பை எரித்தபோது, நீராவி எஞ்சின் ஓட்ட நாடாளுமன்றம் அனுமதித்திருப்பதால் கவனக்குறைவின்றி நேர்ந்த தீக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று தீர்ந்தது. தீப்பொறிக்குப் பயன்பட்ட கேடயமே கார்வேட்நகரில் ஏரிநீருக்கும் பயன்பட்டது. இம்முறை இரயில்வே கம்பெனிக்கு எதிராக.

நட்டம் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பதுதான் இத்தீர்ப்பின் நடைமுறைப் பொருள். எனினும் அது உண்மையில் அங்கேயே கிடந்ததா என்று ஆராய்வது சட்ட வரலாற்று ஆசிரியனின் கடமை. அக்காலத்து இரயில்வே கம்பெனிகளின் மூலதனத்திற்கு ஆண்டு வட்டியைச் சர்க்கார் உத்தரவாதம் செய்திருந்தது. சென்னை இரயில்வேயும் அத்தகைய உத்தரவாதம் பெற்ற கம்பெனியே. பாதையைச் செப்பனிடும் செலவு நிகர வரும்படியைக் குறைக்கும்; நிகர வரும்படி உத்தரவாத வட்டிக்குக் குறையுமாயின், குறைந்த தொகை இந்திய வரிப்பணத்திலிருந்து நிரப்பப்படும். ஜமீன்தார் தோற்றிருந்தால் அவருடைய குடிகளிடமிருந்து வாரமாகவும், அவர் வென்றமையால் மாகாணம் முழுதுமுள்ள குடிகளிடமிருந்து நிலவரியாகவும் அந்த நட்டம் வசூலாகியிருக்கக்கூடும். லண்டன் நகரப் பங்குதாரர் இரண்டு வகையிலும் பெரிதாகப் பாதிக்கப்பட்டிருக்கமாட்டார். நியாயஸ்தலம் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்கின்றது. சுமை மூன்றாமவன் தலைக்கு நகர்ந்து செல்வதை அதன் பதிவேடு காட்டுவதில்லை.

நஷ்டஈடு பற்றிய வினா இவ்வாறு கடமையின் அடிப்படையில் தீர்க்கப்பட்ட பின்னர், அக்கடமையின் செலவை யார் தாங்குவது என்ற வினா இருபது ஆண்டுகளில் எழுந்தது. 1894இல் சென்னை ஹைகோர்ட் தீர்த்த தாமோதர முதலியார் வழக்கு இத்துறையில் இன்றளவும் மேற்கோளாக எடுத்தாளப்படுவது. ஓர் ஏரி பல கிராமங்களுக்குப் பாய்ந்தது. அவற்றுட் சில ஜமீன் கிராமங்கள், சில சர்க்காரின் இரயத்துவாரி கிராமங்கள். ஏரி கெட்டுப்போகாமல் காக்கத் தேவையான மராமத்தைச் சர்க்கார் செய்து முடித்து, செலவில் ஒரு பங்கை ஜமீன்தார்களிடம் கேட்டது. ஜமீன்தார்கள் தருவதாக எந்த ஒப்பந்தமும் எழுதித் தரவில்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கடன் எங்கிருந்து வரும்?

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவிலிருந்து வரும் என்று ஹைகோர்ட் கூறிற்று. ஒருவன் நியாயமாகச் செய்யத்தக்க ஒரு காரியத்தை, இனாமாகச் செய்யும் எண்ணமின்றிப் பிறனுக்காகச் செய்து, அப்பிறன் அதன் பயனை அனுபவிப்பானாயின், பயன் பெற்றவன் ஈடு செய்ய வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். ஏரியைப் பேணுவதில் சர்க்காருக்கும் சொந்த நன்மை இருந்தது என்பது மெய்யே, ஆயினும் ஜமீன்தார்களுக்கு அந்த மராமத்தை இனாமாக வழங்கச் சர்க்கார் எண்ணவில்லை, ஜமீன்தார்கள் பயனை அனுபவித்தார்கள், அது போதும். இங்கிலாந்துச் சட்டம் கேளாமல் செய்த உபகாரத்திற்கு விலை கேட்பவனை ஐயத்தோடு பார்ப்பது. இந்தியச் சட்டம் அதிலிருந்து விலகி நின்றமைக்குக் கரையைப் போன்ற பொதுப் பொருள்கள் நிறைந்த நாட்டின் தேவையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு: ஒருவன் பழுதுபார்த்தால் பதின்மர் பயன்பெறுவதும், பதின்மரும் ஒருவனையே எதிர்பார்த்துக் கையைக் கட்டி நிற்பதும் ஏரிப் பாசனத்தின் இயல்பு. இப்பிரிவு பின்னாளில் ஏரிகளை விட்டு வெகுதூரம் சென்று, சட்ட முறைப்படி ஒப்பந்தம் எழுதாமல் சர்க்காருக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்த குத்தகைதாரருக்கும் ஈடு பெற்றுத் தந்தது. சுப்ரீம் கோர்ட் 1961இல் தீர்த்த மண்டல் வழக்கில் அதைக் காணலாம்.

மராமத்துச் செலவு பற்றிய இவ்வழக்குகளோடு கூடவே நீருக்கே விலை கேட்கும் வழக்குகளும் நடந்தன. 1865ஆம் ஆண்டுப் பாசனத் தீர்வைச் சட்டத்தின்படி சர்க்கார் ஆற்றுநீருக்குத் தனித் தீர்வை கேட்க, ஜமீன்தார்கள் எதிர்த்தனர். 1917இல் உருலாம் வழக்கில் பிரிவி கவுன்சில் ஜமீனின் பக்கமே சாய்ந்தது. அவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கே விரிக்க வேண்டியதில்லை. மராமத்தைப் பொறுத்தவரை, 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் பாசன வேலைகளின் பழுதுபார்ப்புக்கென்று ஓர் அத்தியாயமே வகுத்துக் கலெக்டருக்குத் தலையிடும் அதிகாரம் அளித்தது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் ஏரிகள் யாவும் சர்க்காருக்கு மாறின. கார்வேட்நகர் தீர்ப்பு யாரைக் காத்ததோ அந்த ஜமீன்தார் மறைந்தார். அவர் தோளிலிருந்த கடமை முழுதும் சர்க்காரின் தோளில் ஏறிற்று.

அப்பொழுது பழைய வினா புதிய உருவில் எழுந்தது. சர்க்காரே கரையைக் காப்பவராயிருந்து கரை உடைந்தால் என்ன செய்வது? அரசன் தவறிழையான் என்ற ஆங்கிலேயக் கோட்பாடு இந்தியாவில் முழுமையாக வேரூன்றியதில்லை. 1861இல் கல்கத்தாவில், கப்பல் துறைமுகப் பட்டறையின் ஆட்கள் சாலையில் இட்ட இரும்புத் துண்டால் வண்டிக் குதிரை காயமுற்றபோது, வியாபாரியைப் போன்று நடத்தும் காரியங்களில் சர்க்கார் மற்றவரைப் போலவே பொறுப்பாகும் என்று தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் தீர்த்தார். பாசனத்தைப் பற்றிய தெளிவான விடையை 1964இல் சுப்ரீம் கோர்ட் அளித்தது. அன்றைய பஞ்சாபில் லாட்வா என்னும் ஊர்ப் பக்கத்தில் சர்க்கார் கால்வாய் உடைந்து வயல்களை மூழ்கடித்த வழக்கு அது. நீதிபதி இதாயத்துல்லா ரைலண்ட்ஸ் விதியை இந்தியக் கால்வாய்களுக்கு அப்படியே பொருத்துவது கடினம் என்ற பழைய நிலையை ஏற்றுக்கொண்டார். கால்வாய் நீரை நம்பி வாழும் நாட்டில் அது இயல்புக்கு மாறான உபயோகமன்று. ஆனால் அத்துடன் நில்லாமல், நன்கு காக்கப்படும் கால்வாய் தானே உடையாது, உடைந்தமையே கவனக்குறைவுக்குச் சான்று என்றார். அன்றியும், கால்வாயின் நிலையைக் காட்டும் பதிவேடுகள் சர்க்காரிடம் இருந்தும் அவை கோர்ட்டில் வைக்கப்படாமையால், அவை சர்க்காருக்குப் பாதகமானவை என்றே ஊகிக்க வேண்டும் என்றும் கோர்ட் கண்டது.

கார்வேட்நகர் விதியை இத்தீர்ப்பு கைவிடவில்லை. கவனக்குறைவு வேண்டும் என்பது அப்படியே நிற்கின்றது. மாறியது மெய்ப்பிக்கும் சுமை. வெள்ளத்தில் பயிரை இழந்த குடியானவன், கலங்கல் எத்தனை அடி உயரத்தில் இருந்தது, கரையில் எந்த ஆண்டு மண் கொட்டப்பட்டது என்பவற்றை எங்கிருந்து அறிவான்? அவை பொதுப்பணித் துறையின் அலுவலகத்தில் உறங்கும் செய்திகள். செலவு செய்தவரே கணக்குக் காட்ட வேண்டும் என்ற உத்தரமேரூர்ச் சபையின் முறை, வேறொரு வழியாக இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது என்று கூறலாம்.

பொதுக் கடமையின் நிழல் இல்லாத தேக்கங்களுக்கு ரைலண்ட்ஸ் விதி இந்நாட்டிலும் உயிரோடிருந்தது. 1987இல் வெளியான முகேஷ் டெக்ஸ்டைல் மில்ஸ் வழக்கில், ஓர் ஆலை தன் கரும்புப்பாகுக் கழிவைத் தேக்கிவைத்த மண்தொட்டியின் கரை இடிந்து, பாகு வாய்க்காலிற் கலந்து அயலார் பயிரைக் கெடுத்தபோது, கருநாடக ஹைகோர்ட் ஆலையைப் பொறுப்பாக்கிற்று. மண்கரை இரண்டிலும் ஒன்றே. எலி வளையால் பலவீனமாவதும் இரண்டிற்கும் பொதுவே. ஊருக்காகத் தேக்கியவனுக்கு ஒரு விதி, தனக்காகத் தேக்கியவனுக்கு ஒரு விதி என்ற வேறுபாடே இரண்டு தீர்ப்புகளையும் பிரித்தது. அவ்வேறுபாடு நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அது ஜமீன்தாருக்குச் சற்றுத் தாராளமாகவே அளக்கப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை, ஏனெனில் ஊர்க் கடமையைச் செய்துகொண்டே அவர் வாரத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டில் சட்ட அறிக்கைகளில் வெளியான மற்றொரு தீர்ப்பு இவ்விதியின் உருவத்தையே மாற்றிற்று. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சுவாயு பரவிப் பல்லாயிரவர் மாண்ட பின், 1985 டிசம்பரில் டில்லியிலிருந்த ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்னும் அமிலவாயு கசிந்தது. தலைமை நீதிபதி பகவதி, அபாயகரமான தொழில் நடத்துவோர் எவ்வித விலக்கும் இன்றி முழுப் பொறுப்பாளர் என்றும், ஆலையின் பருமனுக்கும் செல்வ வலிமைக்கும் ஏற்ப ஈட்டின் அளவும் உயர வேண்டும் என்றும் அறிவித்தார். இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான போக்கு நிகழ்ந்தது: 1993இல் கேம்பிரிட்ஜ் தண்ணீர்க் கம்பெனி வழக்கில், முன்கூட்டி உணரத்தக்க நட்டத்திற்கே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் விதியைச் சுருக்கிற்று; ஆஸ்திரேலியத் தலைமை நியாயஸ்தலம் அடுத்த ஆண்டில் அவ்விதியைக் கவனக்குறைவுச் சட்டத்திற்குள் கரைத்தேவிட்டது. தாய்வீட்டில் இளைத்துப்போன விதி, தத்துப்போன வீட்டில் கொழுத்தது.

பழைய வடஆர்க்காட்டு நிலமே இவ்வரலாற்றின் அடுத்த கட்டத்திற்கும் களமாயிற்று. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாயிற்று என்று கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங், மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்து, பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு கணிக்கவும், கெட்ட நிலத்தைத் திருத்தும் செலவை வசூலிக்கவும் ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னார். தொழிற்சாலை ஒவ்வொன்றும் ரூ. 10,000 அபராதம் கட்டப் பணித்தார். ஈடு வேறு, திருத்தும் செலவு வேறு என்று பிரித்து, இரண்டையும் ஒருவன் தலையிலேயே ஏற்றியது இத்தீர்ப்பின் தனிச்சிறப்பு. வழக்குச் செலவையும் கோர்ட் மறக்கவில்லை: மன்றத்திற்காக வாதாடிய வழக்கறிஞருக்கு ரூ. 50,000 தமிழ்நாடு சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தோற்றவன் வென்றவனின் செலவைக் கொடுப்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் பொது விதியாயினும், நடைமுறையில் கோர்ட்டுகள் விதிக்கும் செலவுத்தொகை பெயரளவினதாகவே இருந்து வருவதை 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே குறைகூறிற்று.

திருப்பதிக்கு அருகிலுள்ள அவிலாலா, பேரூர் ஏரிகள் வீட்டுமனைகளுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கில், 2006இல் அதே கோர்ட், சர்க்கார் ஏரிகளுக்கு எஜமானன் அன்று, பொதுமக்கள் சார்பில் அவற்றை வைத்திருக்கும் தர்மகர்த்தா என்று கூறிற்று. ஜமீன்தார் ஏரியைத் தூர்க்க அதிகாரமற்றவர் என்று 1874இல் சொல்லப்பட்ட சொல்லே இங்கே சர்க்காரை நோக்கிச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்துக் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் உழைப்பாகவோ பொருளாகவோ தருவது என்று ஏற்பாடாயிற்று. 1858ஆம் ஆண்டின் இரட்டிப்பு அபராதத்திற்குப் பதில், சர்க்கார் ஒன்பது பங்கை முன்வந்து ஏற்றது.

பாலாற்று வழக்கு 1996உடன் முடிந்துவிடவில்லை. ஈடு கணிக்கப்பட்டும் பலர் கைக்கு அது வந்து சேராமையால் வழக்கு மீண்டும் டில்லி சென்றது. 2025 ஜனவரியில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பில், மாசு செய்தவன் கொடுக்கட்டும் என்று காத்திராமல், சர்க்கார் தானே முதலில் ஆறு வாரத்திற்குள் ஈட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் தொழிற்சாலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டனர். முன்னே செலவிட்டுப் பின்னே பங்கு கேட்பது 1894இல் தாமோதர முதலியார் வழக்கில் சர்க்கார் தானே விரும்பிச் செய்தது. இப்பொழுது அதுவே சர்க்காரின் மேல் கட்டளையாக விதிக்கப்பட்டுள்ளது. வேறுபாடு ஒன்று உண்டு: ஜமீன்தார்கள் நிலத்தோடு பிணைந்தவர்கள், அவர்களிடமிருந்து தொகையை வசூலிப்பது எளிது, மூடப்பட்டும் கைமாறியும் போன தொழிற்சாலைகளிடமிருந்து வசூலிப்பது அவ்வளவு எளிதன்று. வசூலாகாது நிற்கும் தொகை கருவூலத்தின் செலவாகவே எழுதப்படும். கார்வேட்நகர் ஏரிகள் சிதைத்த பாதையின் நட்டமும் வட்டி உத்தரவாதத்தின் வழியே சென்று சேரக்கூடிய இடம் அந்தக் கருவூலமாகவே இருந்தது.